தாயைத் தேடிய மகளும் மகனைத் தேடிய தந்தையும்

பெற்றவர் ஒருவராகவும் வளர்த்தவர் மற்றொருவராகவும் அமைந்த பிள்ளையின் கதை தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தில், சாலி என்பாள் ஈன்று தோட்டத்தில் விட்டுச் சென்ற குழந்தையைப் பசுவொன்று ஏழு நாள் பாலூட்டிக் காக்கிறது. பின்னர் இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்க்கிறான். அவனே ஆபுத்திரன். மறுபிறப்பில் சாவக நாட்டு மன்னனாகும் அவன், தன் பழம்பிறப்பை அறியக் கடல் கடந்து மணிபல்லவம் வந்து சேர்கிறான். தேரோட்டி வீட்டில் வளர்ந்த கர்ணனின் கதையைத் தெருக்கூத்துப் பார்த்தவர் அனைவரும் அறிவர். நம் உமறுப் புலவரும் சீறாப்புராணத்தில் அலிமா முலையூட்டுப் படலம் என ஒரு படலத்தையே செவிலித்தாய்க்கு ஒதுக்கினார். திருமறையிலோ மூஸா நபி (அலை) அவர்களின் வரலாறு வருகிறது. ஈன்ற தாய் பேழையில் இட்டு ஆற்றில் விடுகிறாள். பிர்அவ்னின் மனைவி எடுக்கிறாள். குழந்தையின் சகோதரி தொலைவில் நின்று பார்த்துக்கொண்டே தொடர்கிறாள். இறுதியில் பாலூட்டும் செவிலியாகப் பெற்ற தாயே வந்து சேர்கிறாள்.

இவ்வரிசையில் நம் காலத்தில் சேர்ந்த ஒரு படைப்பு, 2002 பிப்ரவரியில் வெளிவந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ என்னும் திரைப்படம். இயக்கியவர் மணிரத்னம், உரையாடல் எழுதியவர் சுஜாதா. திரைப்படத்தைப் பற்றி இத்தகைய இதழில் ஓர் உஸ்தாது எழுதலாமா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். நம் வீட்டுப் பிள்ளைகள் பார்த்து அழுத ஒரு கதையை நாம் பாராதது போல் இருந்துவிடுவதால் நன்மை எதுவும் விளையப்போவதில்லை. அதிலுள்ள சரியையும் பிழையையும் எடுத்துச் சொல்வதே கற்றவர் கடமை.

வேறொரு காரணமும் உண்டு. நான் வாழும் திருவண்ணாமலையில், மலையைச் சுற்றி வரும் 14 கிலோமீட்டர்ப் பாதையில், நகருக்கு மறுபுறமாக அடி அண்ணாமலை என்னும் ஊர் இருக்கிறது. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் நடந்து கடக்கும் அவ்வூரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது. 1983க்குப் பின் போரின் அலைகளில் ஒதுங்கி வந்தவர்களுக்காகத் தமிழகத்தில் ஏற்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களுள் அதுவும் ஒன்று. இத்திரைப்படத்தின் குழந்தை பிறப்பதும் அத்தகையதொரு முகாமில்தான். எனவே அம்முகாமை மனத்தில் வைத்தே இக்கதையை எடைபோட விரும்புகிறேன்.

கதைச் சுருக்கம்

இலங்கையின் மாங்குளத்தில் ஷ்யாமா என்பவள் திலீபனை மணக்கிறாள். போர் நெருங்கவே கணவன் பிரிகிறான். கருவுற்ற அவள் படகேறி இராமேசுவரம் வந்து, முகாமில் பெண் குழந்தை ஒன்றை ஈன்று, கணவனைத் தேடிக் குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறாள். திருச்செல்வன் என்னும் எழுத்தாளன் அக்குழந்தையை வளர்க்க விழைகிறான். மணமாகாதவனுக்குக் குழந்தை தரப்படாது என்பதால், தன்னை விரும்பும் இந்திராவை மணந்து குழந்தையைப் பெறுகிறான். அமுதா எனப் பெயரிடுகிறார்கள். அவளுக்குப் பின் இரண்டு ஆண் மக்களும் பிறக்கிறார்கள். ஒன்பதாவது பிறந்தநாளில் அமுதாவிடம் உண்மை சொல்லப்படுகிறது. அவள் பெற்றவளைக் காண வேண்டும் எனப் பிடிவாதம் செய்கிறாள். வளர்த்தவர்கள் அவளை அழைத்துக்கொண்டு, போர் நடக்கும் இலங்கைக்கே செல்கிறார்கள். ஷ்யாமா அங்கே ஆயுதம் ஏந்தியவளாக இருக்கிறாள். சந்திப்பு நிகழ்கிறது. சிறுமி தொகுத்து வைத்திருந்த கேள்விகளுக்கு அவளால் விடை கூற இயலவில்லை. உடன் வருமாறு மகள் அழைத்தும் தாய் வரவில்லை. வளர்த்தவளின் அணைப்பில் அமுதா திரும்புகிறாள்.

இப்படம் தேசிய விருதுகள் ஆறினைப் பெற்றது. அமுதாவாக நடித்த கீர்த்தனா சிறந்த குழந்தை நட்சத்திரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இசைக்கும் பாட்டுக்கும் படத்தொகுப்புக்கும் ஒலிக்கும் விருதுகள் கிடைத்தன. அவற்றின் நயத்தைப் பேச வல்லவர் பலர் உளர். நான் பேச வந்தது கதையின் உள்ளிருக்கும் நியாயத்தைப் பற்றி.

படத்தின் நேர்மை

வளர்ப்புப் பிள்ளையைப் பற்றிய பழைய படங்களில் இரகசியம் கடைசிவரை காக்கப்படும். முடிவில் ஒரு மச்சமோ, சங்கிலியோ, சாகும் தறுவாயில் ஒரு கிழவியோ அதை வெளிப்படுத்த, எல்லாரும் கண்ணீர் விட்டு ஒன்று சேர்வர். இப்படம் அவ்வழியில் செல்லவில்லை. உண்மையைப் பெற்றோரே முன்வந்து சொல்கிறார்கள். அதனால் விளையும் துன்பத்தையும் அவர்களே சுமக்கிறார்கள். மகள் தங்களை வெறுப்பதையும், வீட்டை விட்டு ஓடுவதையும், வேறொருத்தியை ‘அம்மா’ என்று தேடுவதையும் பொறுத்துக்கொள்கிறார்கள். உண்மையைச் சொன்னதோடு நில்லாமல், அவ்வுண்மை இருக்கும் இடத்துக்கே குழந்தையைக் கைபிடித்து அழைத்துச் செல்கிறார்கள். இந்திராவின் பாத்திரத்தில் இந்த மாண்பு மிகுதி. தான் பெறாத பிள்ளைக்கு அவளைப் பெற்றவளைக் காட்டக் குண்டு விழும் மண்ணில் அவள் நடக்கிறாள்.

மற்றொரு சிறப்பு, விட்டுச் சென்றவளைப் படம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமை. பெற்ற தாய் கல்நெஞ்சக்காரி, வளர்த்த தாய் தெய்வம் என்று பிரித்துவிட்டால் கண்ணீர் எளிதில் வரும், கைதட்டும் வரும். ஷ்யாமாவின் மௌனத்தைப் படம் மௌனமாகவே விட்டிருக்கிறது. குழந்தையின் கேள்வி அளவுக்கு அவளிடம் விடை இல்லை. அவளிடம் இருந்த விடை போர் ஒன்றே.

உக்காள் சந்தையில் விற்கப்பட்ட சிறுவன்

இக்கதையைப் பார்த்தபோது என் நினைவுக்கு வந்தவர் ஹஜ்ரத் ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்கள். மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகள் அவர் பெயரை அறிவர். ஆனால் அவ்வரலாற்றை ஒரு குழந்தையின் கதையாக எண்ணிப் பார்ப்போர் குறைவு.

கல்ப் குலத்தைச் சேர்ந்த சிறுவர் அவர். எட்டு வயதளவில் இருந்தார் என்பர். தாய் தன் பிறந்தகத்துக்கு அவரை அழைத்துச் சென்ற வேளையில் குதிரை வீரர் கூட்டம் ஒன்று கொள்ளையிட்டுச் சிறுவரைத் தூக்கிச் சென்று உக்காள் சந்தையில் விற்றது. ஹகீம் பின் ஹிஸாம் விலைக்கு வாங்கித் தம் மாமியார் முறையன்று, தந்தையின் சகோதரி முறையான கதீஜா நாயகியாரிடம் (ரலி) கொடுத்தார். நாயகியார் அவரைத் தம் கணவருக்கு அளித்தார்கள். நபித்துவத்துக்கு முற்பட்ட காலம் அது.

அங்கே தந்தை ஹாரிஸா மகனை நினைத்துப் புலம்பித் திரிந்தார். ஹஜ்ஜுக்கு வந்த கல்ப் குலத்தார் சிலர் ஸைதை அடையாளம் கண்டு செய்தி கொண்டு போயினர். தந்தையும் சிறிய தந்தையும் மீட்புப் பணத்தை எடுத்துக்கொண்டு மக்காவுக்கு வந்தார்கள். பணத்தைக் காட்டிலும் நல்லதொரு வழி இருக்கிறது என்று சொன்ன நாயகம் (ஸல்) அவர்கள், ஸைதை அழைத்து, வந்திருப்பவர் யார் என்று தெரியுமா எனக் கேட்டு, தம்மோடு இருப்பதா தந்தையோடு செல்வதா என்பதை அவரே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். தந்தையைத் தேர்ந்தால் ஈடு எதுவும் வேண்டா என்றும் சொன்னார்கள். ஸைத் நாயகத்தையே தேர்ந்தார். தந்தை திகைத்தார். அதன்பின் கஅபாவின் அருகே மக்கள் அறிய ஸைதைத் தம் மகன் என நாயகம் அறிவித்தார்கள். அதைக் கேட்டு மனம் அமைதியுற்றே தந்தை ஊர் திரும்பினார். அன்றுமுதல் அவர் ஸைத் பின் முஹம்மத் என அழைக்கப்பட்டார்.

மதீனாவில் அல் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4, 5ஆம் வசனங்கள் அருளப்பெற்றன. வாயால் சொல்லிவிடுவதனால் வளர்ப்புப் பிள்ளை பெற்ற பிள்ளை ஆகிவிடுவதில்லை என்றும், அவர்களை அவர்தம் தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்றும், தந்தையர் இன்னார் எனத் தெரியாவிடின் அவர்கள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள், உங்களைச் சார்ந்தவர்கள் என்றும் அவை அறிவித்தன. ஸைத் மீண்டும் ஹாரிஸாவின் மகன் ஆனார். அபூ ஹுதைஃபா (ரலி) அவர்களின் மகனாக அழைக்கப்பட்ட ஸாலிம் (ரலி), தந்தை தெரியாதவராகையால், அவரைச் சார்ந்த மவ்லா என அழைக்கப்பட்டார்.

பெயர் மாறியபின் அன்பு மாறியதா என்பதே நாம் காண வேண்டியது. ஹிஜ்ரி 8இல் மூத்தா படைக்கு முதல் தளபதியாக ஸைதையே நாயகம் அனுப்பினார்கள். அங்கே அவர் ஷஹீதானார். பின்னர் அவர் மகன் உஸாமாவை, முதிய ஸஹாபிகள் இருந்த படைக்கே தலைவராக்கினார்கள். நபித்தோழர்களுள் திருக்குர்ஆன் பெயர் சுட்டிக் குறிப்பிடும் ஒரே ஒருவரும் ஸைத் அவர்களே. தந்தை பெயரைத் திருப்பித் தந்ததால் வளர்த்தவரின் அன்பில் அணுவளவும் குறையவில்லை.

இவ்வரலாற்றின் அருகே படத்தை வைத்துப் பாருங்கள். அங்கே தந்தை மகனைத் தேடி வருகிறார். இங்கே மகள் தாயைத் தேடிப் போகிறாள். இரண்டிலும் வளர்த்தவர்கள் பெற்றவர்களைக் கண்டு கதவை அடைக்கவில்லை. ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. ஸைதுக்குத் தேர்வுரிமை கொடுக்கப்பட்டது. அமுதாவுக்கு அது கிடைக்கவில்லை. அவள் அழைக்கிறாள், போர் மறுக்கிறது. படத்தின் முடிவு நம்மைக் கலக்குவதற்குக் காரணம் இந்த மறுப்பே என்று கருதுகிறேன். இன்று நம் நாட்டுத் தத்து விதிகள், ஐந்து வயது நிறைந்த குழந்தையின் இசைவையும் கேட்கச் சொல்கின்றன. வளர்ந்த பிள்ளைக்கு வாய் உண்டு, நினைவு உண்டு என்பதைச் சட்டம் இப்போது ஏற்றிருக்கிறது. மக்காவின் அந்த வீட்டில் அது முன்னரே ஏற்கப்பட்டது.

நம் வீடுகளில் நடப்பது

இங்கே நம் குடும்பங்களைப் பற்றிச் சொல்லாமல் போவது நியாயம் ஆகாது. தத்து மார்க்கத்தில் இல்லை என்ற ஒரு வாக்கியத்தை இரண்டு விதமாகத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம்.

ஒரு சாரார், தத்து இல்லை என்பதை வளர்ப்பு இல்லை என்று கொண்டனர். அநாதைப் பிள்ளை வாசலில் நின்றாலும், மஹ்ரம் அல்லாத பிள்ளை என்றும் வாரிசு இல்லாத பிள்ளை என்றும் காரணம் கூறிக் கதவைச் சாத்தினர். மர்யம் (அலை) அவர்களை ஸகரிய்யா நபி (அலை) பொறுப்பேற்று வளர்த்ததைச் சொல்லும் திருமறை வசனத்தின் சொல்லிலிருந்தே கஃபாலத் என்னும் பெயர் வழங்குகிறது. அநாதையைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தம்மோடு இரு விரல்கள்போல் நெருங்கி இருப்பார் என்பது நாயக வாக்கின் கருத்து. கைக்குழந்தையாயின் இரண்டு வயதுக்குள் பாலூட்டிப் பால்குடி உறவை ஏற்படுத்தலாம். வாரிசுப் பங்கு இல்லாவிடினும் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வஸிய்யத் எழுதலாம். உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம். வழிகள் இத்தனை இருக்க, கதவைச் சாத்துவதற்கு மார்க்கத்தைக் காரணம் காட்டுவது முறையன்று.

மறு சாரார் பிள்ளையை எடுத்து அன்போடு வளர்க்கின்றனர். ஆனால் உண்மையை மறைக்கின்றனர். தங்கை பிள்ளையையோ மச்சான் பிள்ளையையோ எடுத்துப் பள்ளிச் சேர்க்கையில் தந்தை பெயர் என்னும் கட்டத்தில் தம் பெயரை எழுதிவிடுகின்றனர். தெருவுக்கே தெரிந்த செய்தி அப்பிள்ளைக்கு மட்டும் தெரியாது. பின்பு நிகாஹ் நாள் வருகிறது. இன்னார் மகள் இன்னாள் என்று சபையில் கூற வேண்டும். வலீ யார் என்று கேட்க வேண்டும். ஜமாஅத் தஃப்தரில் எழுத வேண்டும். அப்போதுதான் பெரியவர்கள் ஒதுங்கி நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கின்றனர். மணக்கோலத்தில் இருக்கும் பெண் தன் தந்தை யார் என்பதை அன்று முதன்முதலாகக் கேட்கிறாள். இத்தகைய நிகழ்ச்சிகளை நம் ஊர்களில் பலரும் கண்டிருப்பர். அமுதாவுக்கு ஒன்பது வயதில் வந்த இடி, நம் பெண்ணுக்கு இருபது வயதில் சபை நடுவே விழுகிறது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1972இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட பொதுவான தத்து மசோதா முஸ்லிம்களின் எதிர்ப்பைச் சந்தித்தது; பின்னர் திரும்பப் பெறப்பட்டது. 1980 மசோதா முஸ்லிம்களுக்கு விலக்களித்தது. 2014 பிப்ரவரியில் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில், நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் எம்மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்றும், அது விரும்புவோருக்கான வழியே அன்றிக் கட்டாயம் அன்று என்றும் தீர்ப்பளித்தது. தனியார் சட்டத்தைப் பின்பற்ற விரும்புவோருக்கு 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் இன்றும் இருக்கிறது. அதன்படி பிள்ளையின் வம்சம் மாறாமல் பொறுப்பு மட்டும் நம் கைக்கு வரும். கஃபாலத்துக்கு நெருங்கிய வழி அதுவே.

படத்தின் குறைகள்

இனி, இப்படம் சொல்லாமல் விட்டவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, உண்மை சொல்லப்பட்ட முறை. ஒன்பது ஆண்டு மூடி வைத்து, ஒரு பிறந்தநாளில் திறந்து காட்டுவது நாடகத்துக்கு ஏற்றது, குழந்தைக்கு ஏற்றதன்று. ஸைத் தம் தந்தை யார் என்பதை ஒருநாளும் மறக்கும்படி விடப்படவில்லை. நாயகம் அவர்களும் தம் செவிலித்தாய் ஹலீமாவை அறிந்தே வளர்ந்தார்கள். ஹுனைன் போருக்குப் பின் பால்குடிச் சகோதரி ஷைமா வந்து நின்றபோது, மேலாடையை விரித்து அமரச் செய்தார்கள். பேச்சு அறியும் வயதிலிருந்தே சிறுகச் சிறுகச் சொல்லப்படும் உண்மை இடியாக விழுவதில்லை.

இரண்டாவது, தந்தை. திலீபன் தொடக்கத்தில் தோன்றி மறைகிறான். கதையின் பாரம் முழுவதும் தாயின்மேலேயே சாய்கிறது. தாய்ப்பாசம் கண்ணீர் தரும் என்பதால் கலைஞர் அதை நாடுவது இயல்பு. ஆயினும் ஒரு குழந்தையின் வேர் ஒரு பக்கம் மட்டும் ஓடுவதில்லை.

மூன்றாவது குறையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஷ்யாமா உயிரோடு இருக்கிறாள்; கணவனைத் தேடித்தான் போயிருக்கிறாள். அவளைத் தேட யார் என்ன முயற்சி செய்தனர், அவள் திரும்பி வந்து கேட்டால் யார் விடை சொல்வது என்பவற்றைப் படம் கேட்பதே இல்லை. போரில் சிதறிய குழந்தையை அவசரப்பட்டுத் தத்துக்குக் கொடுக்கலாகாது. பெற்றோரையும் சுற்றத்தாரையும் தேடும் வழிகள் தீர்ந்த பின்னரே அந்த எண்ணம் எழ வேண்டும். 1993இன் ஹேக் உடன்படிக்கையை 1994இல் அகதிக் குழந்தைகளுக்குப் பொருத்திப் பார்த்தபோது நாடுகள் ஏற்ற நெறி இதுதான். இந்நெறி எத்துணை இன்றியமையாதது என்பதை இலங்கையின் அனுபவமே காட்டுகிறது. அங்கிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் பலர், வளர்ந்தபின் தாயைத் தேடி விமானம் ஏறினர். சிலருடைய காகிதங்களில் இருந்த தாயின் பெயரே பொய்யாக இருந்தது. இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்துகளை ஆராய்ந்த குழுவின் அறிக்கைக்குப் பின், நெதர்லாந்து 2021 பிப்ரவரியில் வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வைத்தது. அமுதா தேடிப்போனபோது ஒரு ஷ்யாமாவாவது இருந்தாள். பொய்ப் பெயரோடு போனவர்களுக்கு அதுவும் இல்லை. தந்தையின் பெயரால் அழையுங்கள் என்ற கட்டளையின் கருணை இங்கே விளங்குகிறது. பெயரை அழித்துவிட்டால், திரும்பி வரும் வழியும் அழிந்துவிடும்.

நான்காவது, முகாம். படத்தில் முகாம் என்பது குழந்தை விடப்படும் இடம். கதை அங்கிருந்து எழுந்து சென்னைக்குப் போய்விடுகிறது. அடி அண்ணாமலை போன்ற முகாம்களில் தங்கிவிட்ட தாய்மாரோ, பிள்ளைகளை விடாமல் சிறு வீடுகளில் வைத்து வளர்த்தனர். அப்பிள்ளைகள் படித்துப் பட்டம் பெற்று, மணமுடித்துத் தாமும் பெற்றோராகிவிட்டனர். ஆயினும், இங்கேயே பிறந்தவர்களுள்ளும் பெரும்பாலோர் இந்நாட்டின் குடிமக்கள் அல்லர். 1987 ஜூலைக்குப் பின் இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருந்தாலன்றிக் குடியுரிமை இல்லை என்பது சட்டம். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையர்க்கு இடமில்லை. அதில் முஸ்லிம்களுக்கு இடமில்லை என்று நொந்த நாம், இவர்களுக்கும் இல்லை என்பதை நினைக்க வேண்டும். 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என மாற்றியது. புதிய வீடுகளுக்கும் பணம் ஒதுக்கியது. பெயர் மாற்றம் நல்லதே. குடியுரிமை மத்திய அரசின் கையில் இருக்கிறது. திரைக்கதையில் தாயைப் பிரிந்த அமுதா குடும்பத்தோடு விமானம் ஏறி வெளிநாடு போய் வருகிறாள். தாயோடு முகாமில் தங்கிய உண்மைப் பிள்ளைக்கோ, தான் பிறந்த நாட்டின் கடவுச்சீட்டு இல்லை. படம் இந்த முரணைத் தொட்டிருந்தால் அதன் உயரமே வேறாகியிருக்கும்.

முடிவுரை

இத்தனை குறைகளைச் சொன்னபின்னும், இப்படம் நல்ல படைப்பு என்பதே என் தீர்ப்பு. வளர்ப்புப் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லலாம், சொன்ன பின்னும் அவள் நம் பிள்ளையாகவே இருப்பாள் என்பதை இலட்சக்கணக்கானோர் மனத்தில் அது பதித்தது. அல் அஹ்ஸாப் வசனங்களை ஓதியும், அவற்றின் இந்தப் பொருளை நம்முள் பலர் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

அது வெளிவந்த அதே மாதம் 22ஆம் நாள் இலங்கையில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அமைதி வந்தபின் வா என்று ஷ்யாமா மகளிடம் சொல்லும் சொல் பலித்துவிட்டதாகவே அன்று பலர் மகிழ்ந்தனர். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. எத்தனையோ ஷ்யாமாக்கள் அதற்குள் மண்ணாகிப் போயினர்.

வளர்ப்புப் பிள்ளை உள்ள குடும்பங்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. பிள்ளையின் வாப்பா யார், உம்மா யார் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அப்பிள்ளைக்குப் புரியும் மொழியில் இன்றே சொல்லத் தொடங்குங்கள். பெற்றவர் உயிரோடிருந்தால் பெருநாள் ஸலாத்துக்கேனும் அழைத்துச் சென்று காட்டுங்கள். பெயர் தெரியாத பிள்ளையாயின், நீ எங்கள் சகோதரன், எங்களைச் சார்ந்தவன் என்று திருமறை தந்த உறவைச் சொல்லுங்கள். வளர்த்த பிள்ளை தம்மைவிட்டுப் போய்விடும் என அஞ்சுவோர், ஸைதின் முன் கதவைத் திறந்து வைத்த அந்த வீட்டை எண்ணிக்கொள்ளட்டும். ஸைத் போகவில்லை.